எலி வளைக்கும் இரண்டு வாசல்

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் எந்த வீட்டு ஜன்னலில் என்ன திரை தொங்குகிறது என்று தையலக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அத்தனையும் அவள் மிஷினில் ஓடி வந்தவை. ஊருக்கெல்லாம் திரை தைத்தவளுக்குத் தன் அறையில் ஒரு கைக்குட்டையை மாட்டிவைக்கக்கூட ஜன்னல் இல்லை.

அவள் புருஷன் அங்கே காவலாளி. கேட் திறப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, படிக்கட்டு பெருக்குவது எல்லாம் அவர்தான். வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது தரைத்தளத்தின் பின்மூலை அறை. வரைபடத்தில் அதற்கு ‘ஸ்டோர் ரூம்’ என்று பெயர். ஒவ்வொரு மாடியிலும் அதே மூலையில் அதே மாதிரி ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. ஒன்றில் சமையல்காரி, ஒன்றில் டிரைவர், ஒன்றில் ஆயா. மனுஷர் குடியிருக்கிற அறைக்கு ஜன்னல் வேண்டும் என்கிறது சட்டம். பண்டம் போட்டுவைக்கிற அறைக்கு வேண்டியதில்லை. அறைக்குப் பேரை மாற்றி எழுதினால் போதும், சட்டம் வாயைப் பொத்திக்கொள்ளும்.

கல்யாணமாகி முதன்முதலாக அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தபோது நல்ல மத்தியானம். புருஷன் விளக்கைப் போட்ட பிறகுதான் உள்ளே அறை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

“எலி வளையானாலும் தனி வளை” என்றார் அவர், பெருமையாக.

“எலி வளைக்குக்கூட ரெண்டு வாசல் இருக்கும்ங்க.”

புதுப்பெண்டாட்டி தமாஷ் பண்ணுகிறாள் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க அந்த விளக்கு போதாது.

அந்தக் கட்டிடத்தை வரைந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பவர். செத்துப்போய் வெகுகாலம் ஆகியும் அவர் படம் முன்கூடத்தில் பெரிதாகத் தொங்கியது. குடியிருப்பவர்கள் அவரைப் ‘பெரியவர்’ என்பார்கள். அவர் கைவண்ணத்திலேயே பேர்போனது பின்பக்கத்துச் சுவர். தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரு கதவோ ஜன்னலோ இல்லாமல், சாம்பல் நிறத்தில், வழித்துவிட்ட மாதிரி நிற்கும். ‘மௌனச் சுவர்’ என்று அதற்குப் பேர். கட்டிடக்கலை படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து, அண்ணாந்து பார்த்து, தடவிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். “இதைப் பார்த்தா மனசுக்கு ஒரு அமைதி வருதுங்க” என்றான் ஒருத்தன்.

“உள்ள வந்து பாருப்பா. மூச்சும் சேர்ந்து அமைதியாயிடும்” என்றாள் தையலக்கா.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பகலெல்லாம் குண்டு பல்பு. ஊசியில் நூல் கோக்க நடைவழிக்கு ஓடவேண்டும். நடைவழியில் முக்காலி போட்டு உட்கார்ந்தால், போகிற வருகிற பாதை என்று விரட்டுவார்கள். அப்படியே காலம் ஓடியது. ஒருநாள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், கருநீலக் கோட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வீசினார். அதன் கைமடிப்பை அவள் சரிசெய்து கொடுத்திருந்தாள், கறுப்பு நூலால். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கூட்டத்துக்குப் போயிருக்கிறார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

“நீலம் எது கறுப்பு எதுன்னு தெரியாதா? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். வெளிச்சம்தான் இல்ல.”

“எதிர்த்துப் பேச மட்டும் நல்லாத் தெரியுது.”

மறுவாரம் புருஷன் அவருடைய அண்ணனைப் பார்க்க வெளியூர் போனார். தண்ணீர்த் தொட்டி பூச வந்திருந்த கொத்தனாரிடம், ஆணி அடிக்கவேண்டும் என்று பொய் சொல்லி, உளியும் சுத்தியலும் வாங்கினாள். பாடப்புத்தகத்துச் சுவர் ஒரே நாளில் வழிவிட்டது. பூச்சுக்குத்தான் அத்தனை கௌரவம். உள்ளே எல்லாச் சுவரையும் போல வெறும் செங்கல். பழைய மரக்கடையிலிருந்து ஒரு சட்டத்தைத் தேடிப் பிடித்துப் பொருத்தினாள். யார் வீட்டிலோ மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை அதற்கு அடித்தாள்.

ஊரிலிருந்து திரும்பிய புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டார். பாயின்மேல் வெயில் விழுந்து கிடந்தது. பயப்படுவதற்கு முன்னால் அவர் வாயில் வந்தது இதுதான்: “நம்ம பாய் இவ்வளவு அழுக்கா?”

பயம் அப்புறம் வந்தது. செயலாளரும் வந்தார், குதித்தார். ஆனால் அவர் மனைவி வீடு முழுக்கத் திரை மாற்றுவதற்காகத் துணியெல்லாம் தையலக்காவிடம் கொடுத்திருந்த நேரம் அது. துணி பாதி வெட்டியாகிவிட்டது. “அப்புறம் பேசிக்கலாம்” என்று போனார். அந்த ‘அப்புறம்’ வர வருஷக்கணக்காகிவிட்டது.

பெரியவருக்கு நூற்றாண்டு பிறந்தது. கட்டிடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்போகிறார்கள், விழா எடுக்கிறார்கள், கட்டிடம் அவர் வரைந்தபடியே இருக்கவேண்டும் என்று பேச்சு கிளம்பியது. பெரியவரின் மகள் நேரிலேயே வந்தார். அவரும் கட்டிடக்கலைஞர்; நரைத்த தலை, அளந்த பேச்சு. செயலாளர் அவரைப் பின்னறைக்குக் கூட்டிவந்தார். புருஷன் சுவரோடு சுவராக நின்றார்.

“இதுதான் மேடம் அந்த ஓட்டை.”

“ஓட்டை இல்ல சார், ஜன்னல்” என்றாள் தையலக்கா, மிஷினை நிறுத்தாமல்.

மகள் பொறுமையாகத்தான் சொன்னார். “கோவிச்சுக்காதீங்கம்மா. அப்பா போட்டது ஸ்டோர் ரூம். இதுல ஆளைக் குடிவச்சது பின்னால வந்தவங்க. அந்தப் பழியை அவர் தலையில போடக்கூடாது. நூறு வருஷத்துக்கு நிக்கப்போற பேரு அது.”

“ஒரு ஜன்னல் திறந்ததும் பறந்துபோற பேராம்மா அது?”

“ஏய்…” என்றார் புருஷன், ஈனசுரத்தில்.

தையலக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். நாலு பேரும் உள்ளே.

“இதைப் பாருங்கம்மா. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு. நான் வச்சதில்ல, கட்டினப்பவே இருக்கு. அரிசி மூட்டை உள்ள இருந்துகிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்குமா?”

“எவனாவது ஆசாரி மாத்தி வச்சிருப்பான்” என்றார் செயலாளர்.

பித்தளைத் தாழ்ப்பாள். பிடி இலைக்காம்பு மாதிரி வளைந்திருக்கும். முன்வீடுகள் எல்லாவற்றிலும் அதே வளைவுதான். பெரியவரே வரைந்து கொடுத்து வார்க்கச் சொன்னது என்று, வருகிற மாணவர்களுக்கெல்லாம் செயலாளரே காட்டுவார். மகள் அந்தப் பிடியைத் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, “கதவைத் திறங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் முடிவு மாறவில்லை. விழாவுக்கு முந்தின நாள் ஜன்னலை அடைப்பார்கள், அதற்குப் பதிலாக நல்ல ஃபேன் ஒன்று போட்டுத் தருவார்கள் என்று சங்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சம்மதமில்லை என்றால் அறையைக் காலி பண்ணலாம், வேலையையும் சேர்த்து.

“பேசாம இருந்துடு” என்று கெஞ்சினார் புருஷன். “உனக்கு ஜன்னல் முக்கியமா, சோறு முக்கியமா?”

“சோத்துல கல்லு கிடக்குதான்னு பார்க்கவாவது வெளிச்சம் வேணாமா?”

“நான் எங்க போய் இன்னொரு கேட் திறப்பேன்?”

“இத்தனை வருஷமா அடுத்தவங்களுக்குத்தானே திறந்தீங்க” என்றாள். சொன்ன பிறகு கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது அவளுக்கு. அவருக்குப் பிடித்த மாதிரி டீயைக் கெட்டியாகப் போட்டு முன்னால் வைத்தாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடைக்கிற நாள் வந்தது. கொத்தனார் செங்கல் சுமந்துகொண்டு வந்தார். அதே பழைய கொத்தனார். அறை காலியாகக் கிடந்தது.

“அடைங்கண்ணே, தாராளமா அடைங்க. இது ஸ்டோர் ரூம். மனுஷங்க நாங்க வெளிய வந்துட்டோம்” என்று முன்கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். பளிங்குத் தரையில், பெரியவர் படத்துக்கு நேர் கீழே, தையல் மிஷின். பக்கத்தில் ஸ்டவ், குடம், சுருட்டிய பாய். இரண்டு தூணுக்கும் நடுவே கயிறு கட்டி அதில் புருஷனின் பனியன் சொட்டிக்கொண்டிருந்தது. புருஷன் கையில் வாளியோடு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சத்தம் கேட்டு மூன்றாம் மாடிச் சமையல்காரி இறங்கி வந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். திரும்ப மேலே போய்த் தன் பாயோடு வந்து உட்கார்ந்தாள். “நானும் பண்டம் இல்லையேக்கா” என்றாள். அவளுக்குப் பின்னால் டிரைவர் தலையணையோடு.

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன கூத்து இது? நாளைக்கு எத்தனை பெரிய மனுஷங்க வர்ற இடம்! எல்லாம் பின்பக்கம் போங்க!”

தையலக்கா தலையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். படத்துக்குக் கீழே கல்லில், பெரியவர் தாமே எழுதிச் செதுக்கவைத்த வரி: இது அனைவருக்குமான கூடம்.

“அவர் போட்டபடியே இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஸ்டோர் ரூம்ல பண்டம். கூடத்துல எல்லாரும். நாங்க ஒரு எழுத்துகூட மாத்தலையே.”

“போலீசைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க. அவங்களும் உட்காரலாம், அனைவருக்கும்தானே?”

வாளியைப் பிடித்திருந்த புருஷன் களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வேறு வழியில்லாமல் வாளியை அங்கேயே, பளிங்குத் தரையின் நட்டநடுவில் வைத்தார்.

அந்த நேரம் மகள் வந்து சேர்ந்தார். பனியனைப் பார்த்தார், கல்லில் இருந்த வரியைப் பார்த்தார், அப்பாவின் படத்தைப் பார்த்தார். செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“கொத்தனாரைப் போகச் சொல்லுங்க. ஜன்னல் இருக்கட்டும்.” பிறகு தையலக்காவிடம், “ஒண்ணே ஒண்ணு. அந்தச் சட்டத்துக்கு மட்டும் சுவரோட நிறத்துல பூசிக்கிறீங்களா? தூரத்துல இருந்து தெரியாது.”

“தெரியணும்மா. மஞ்சள்தான்.”

மகள் கொத்தனாரைப் பார்த்துப் போகலாம் என்று தலையசைத்தார். கொத்தனார் கிளம்பினார். போகிறபோது மிஷின் மேசையில் நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்ததைப் பார்த்துச் சட்டென்று நின்றார். “இது என் உளி மாதிரி இருக்கே?”

“உங்களதுதாண்ணே. தர்றேன். கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு” என்ற தையலக்கா, அதை எடுத்துச் சமையல்காரியின் கையில் வைத்தாள்.

மறுநாள் விழா பின்முற்றத்தில், சுவருக்கு முன்னால். எங்கிருந்தோ வந்த பெரிய பேராசிரியர், இந்த மௌனம் நம்மோடு என்ன பேசுகிறது என்று மைக்கில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். கீழே மஞ்சள் ஜன்னலில், புதிதாகத் தைத்த சிவப்புத் திரை காற்றில் படபடத்தது. அப்போது மூன்றாம் மாடியில், சுவருக்கு உள்ளேயிருந்து, டொக் டொக் என்று சத்தம் கேட்டது. பேராசிரியர் கண்ணைத் திறந்தார். காரை பெயர்ந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தது.

நாற்காலிகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. ஜன்னலுக்குள் தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கருநீலத் துணிக்குக் கருநீல நூல்.

“பெருக்க நான்தான் போகணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே புருஷன் துடைப்பத்தைத் தேடினார். எடுத்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். வேலை முடியட்டும், ஒரேயடியாகப் பெருக்கிக்கொள்ளலாம்.