ஈபிள் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த பச்சைக் கடை

1. காற்றாலை எங்கே நின்றது?

பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் இருபத்தாறு வருடம் போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தேன். ஓய்வு எடுத்த பிறகு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் பகுதி நூலகத்தின் மேல்மாடியில் ஐந்தாறு பேர் கூடுவோம். பழைய படங்களை மேசையில் பரப்பி, இது எந்தத் தெரு, இந்த மதுக்கடை, அதாவது பார், எது, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதி வைப்போம்.

முதல் நாள் ஒரு தபாலட்டையைக் காட்டினார்கள். ஒரு மேடு, மேட்டில் காற்றாலை, பக்கத்தில் சின்ன மதுக்கடை. எனக்கு அந்த இடம் பிடிபடவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் அட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். கடையின் பெயர்ப்பலகையை அவர் பார்க்கவே இல்லை. தெருவின் சரிவையும் ஓரக்கல்லையும் பார்த்தார். பலகை மாறும், ஆள் மாறும், சரிவு மாறாது என்றார். அரை மணி நேரத்தில் காற்றாலை நின்ற இடத்தைச் சொல்லிவிட்டார். அங்கே இப்போது ஆறு மாடிக் குடியிருப்பு நிற்கிறது.

ஆனால் எண்பதுகள், தொண்ணூறுகளின் படங்களுக்கு வந்ததும் எல்லோரும் தடுமாறினார்கள். பதிவேட்டில் பார்களின் பிரெஞ்சுப் பெயர்கள் இருந்தன. படங்களில் நின்ற எங்கள் தமிழ்ப் பெடியங்களோ அந்தப் பெயர்களை ஒருநாளும் சொன்னதில்லை. பச்சைக் கடை, இரட்டைக் கதவுக் கடை, மூக்கர் கடை என்று தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். மூக்கர் என்பது அந்தக் கடை முதலாளியின், இங்கத்தைய பேச்சில் பத்ரோனின், மூக்கைப் பார்த்து வைத்த பெயர். பாவம், அந்த முதலாளிக்கு அது கடைசிவரை தெரியாது. இரண்டு பட்டியலையும் பொருத்திச் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். வருகிற மார்ச்சில் கண்காட்சி வைப்போம், உங்கள் பெயரைப் பெரிதாகப் போடுவோம் என்று நூலக அம்மையார் சொன்னா. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

2. சுகந்தி கொண்டுவந்த படம்

ஒக்டோபரில் ஒரு பெண் வந்தா. பெயர் சுகந்தி, ஐம்பது வயதிருக்கும். வன்னியிலிருந்து வந்து மூன்று வருடம், பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறா. கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தா. இருபது, இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறான்.

"இது என்ரை அண்ணா யோகன். இந்தப் படத்துக்குப் பிறகு ரெண்டு கடிதம் வந்தது, அதோடை ஒண்டுமில்லை. இடம்பெயரேக்கை எல்லாம் போயிட்டுது, அம்மா இதை மட்டும் இடுப்பிலை செருகிக்கொண்டு வந்தவ. நான் ஈபிள் டவரடியிலை போய்ச் சுத்திச் சுத்திப் பாத்தன் அண்ணை. இப்பிடி ஒரு இடம் அங்கை இல்லை. இவன் உண்மையிலை எங்கை நிண்டவன் எண்டு தெரிஞ்சால், அவனைத் தெரிஞ்ச ஆரையாவது பிடிக்கலாம்."

படத்தைப் பார்த்த ஐந்தாவது நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அது என் கைவேலை.

இளையவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெடியங்கள் தாங்கள் கூடுகிற பார் வாசலில் நின்று படம் எடுப்பார்கள். வேறு எங்கே போவது, அறையில் எட்டுப் பேர். ஆனால் அதை அப்படியே ஊருக்கு அனுப்ப முடியாது. பிள்ளை குடிக்கிறான் என்று தாய் அழுவா. ஆகவே படத்தை எங்கள் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவருவார்கள். நான் ஆளை பிளேடால் வெட்டி எடுத்து, ஈபிள் கோபுரப் போஸ்டர் மேல் ஒட்டி, மறுபடி படம் பிடித்துப் பிரின்ட் போட்டுக் கொடுப்பேன். வெட்டி மிஞ்சிய பார் குப்பைக் கூடைக்குப் போகும். இந்தப் பகுதியின் பார்களை நான் எத்தனை முறை கூடையில் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதே கடைகளைத் தேடிப் பிடிக்கிற வல்லுநர் என்றுதான் இப்போது என்னைக் கொண்டாடினார்கள்.

யோகனின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள முக்கோண இடைவெளியை நான் வெட்டவில்லை. சோம்பல்தான், வேறென்ன. அங்கே பச்சை நிறம் தெரிந்தது. ஊரில் அதைப் புல்தரை என்று நினைத்திருப்பார்கள். அது பச்சைக் கடையின் சுவரில் பதித்த ஓடு. அந்தக் கடைப் பத்ரோன் ஒரு அல்ஜீரியாக்காரர். முகவரி இல்லாத பெடியங்களின் கடிதங்களை வாங்கித் தன் மேசைக்குப் பின்னால் அடுக்கி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். யோகன் எங்கே போனான் என்று தெரிந்த ஒருவர் உண்டென்றால் அவர்தான். கடையை விற்றுவிட்டு அப்போது பக்கத்து ஊரான சென் தெனியில் இருந்தார்.

இவ்வளவும் தெரிந்த நான் அன்று சொன்னது இதுதான்: "படத்தை விட்டிட்டுப் போங்கோ தங்கச்சி. பாத்துச் சொல்லுறன்."

மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். பின்னணியை வெட்டி எறிந்தவன் நான்தான் என்று அவர்கள் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. கண்காட்சி முடியட்டும், பிறகு தனியாகச் சொல்வோம் என்று வைத்தேன். சுகந்தி இரண்டு முறை போன் எடுத்தா. இரண்டு முறையும் இன்னும் பார்க்கிறேன் என்றேன். வெட்கக்கேடு.

3. சென் தெனிச் சந்தை

கண்காட்சி நன்றாக நடந்தது. என் பெயரைச் சொன்ன மாதிரியே பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை சென் தெனிச் சந்தைக்குப் போனேன். பச்சைக் கடைப் பத்ரோனின் மகள் அங்கே துணி விற்கிறா. அப்பா ஜனவரியில் காலமாகிவிட்டார் என்றா.

யோகனின் படத்தைக் காட்டினேன். அவவுக்குத் தெரியவில்லை. கடை இருந்த காலத்தில் தான் பள்ளிக்கூடப் பிள்ளை என்றா. அப்பாவுக்குக் கடைசி வரை நினைவு தெளிவாக இருந்தது, தமிழ்ப் பெடியங்களில் யார் லண்டன் போனான், யார் கனடா போனான் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருப்பார், டிசம்பரில் வந்திருந்தால் கேட்டிருக்கலாமே என்றா. அவ என்னைக் குற்றம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் ஆட்கள் சீலை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

4. தொலைபேசியில் ஒரு தாய்

அடுத்த நாள் சுகந்தியை கார் து நோர் ரயில் நிலையத்தில் சந்தித்து, பச்சைக் கடை இருந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். இப்போது அது புடவைக் கடை. விளம்பரப் பலகைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குப் பழைய ஓடு இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வெட்டியது, கண்டதும் தெரிந்தது, ஐந்து மாதம் பொத்தி வைத்தது, பத்ரோன் செத்தது.

அவ குனிந்து அந்தப் பச்சை ஓடுகளைத் தடவினா. பிறகு, "ஒக்டோபரிலை சொல்லியிருந்தால் அந்த மனுசனிட்டைக் கேட்டிருக்கலாம், அப்ப உயிரோடை இருந்தவர், என்ன அண்ணை?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

அவ தாய்க்குப் போன் எடுத்தா. இடத்தைக் கண்டுபிடித்த விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினா. வன்னியில் கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, படத்திலை பிள்ளை நல்ல கன்னம் வைச்சு நிக்கிறான். அதைப் பாத்துத்தான் இவ்வளவு காலமும் மனதைத் தேத்தினனான். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படேல்லைத்தானே?"

"இல்லை அம்மா. வெள்ளிக்கிழமையிலை அந்தக் கடையிலை எல்லாருக்கும் காசு வாங்காமல் சாப்பாடு போடுவினம்."

"வெள்ளியிலை மச்ச மாமிசமோ?"

"கடலையும் மரக்கறியும் புறம்பா இருக்கும் அம்மா."

அவவுக்கு நிம்மதி. நான் சொன்னது பொய்யில்லை, அந்தப் பத்ரோன் அப்படித்தான் செய்தார்.

ஆனால் பெடியங்கள் எங்களிடம் கேட்டது பின்னணி மாற்றம் மட்டுமல்ல. "அண்ணை, கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பி விடுங்கோ" என்றும் கேட்பார்கள். ஒட்டிப்போன கன்னத்தை மெல்லிய தூரிகையால் நிரப்பிவிடுவோம். போனைக் கொடுத்துவிட்டு யோகனின் படத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் என் தூரிகைக் கோடு இருந்தது.

ஒரு உண்மையைக் கண்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நான் கடைசியாகப் படித்தது அதுதான், படித்த அன்றே மீறினேன். கன்னத்தைப் பற்றிச் சுகந்தியிடம் சொல்லவில்லை. இதை வாசித்தால் அவவுக்குத் தெரியவரும். தாய்க்கு மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.