ஈரக்காற்றுக்காரர்

இராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் இருபத்தாறு வருஷம் சங்கரலிங்கத்தின் பொறுப்பில் இருந்தது காற்று. வெளிக்காற்றை இழுத்து, தண்ணீரில் நனைத்து நூல் சுற்றும் கதிர்களுக்கு அனுப்பும் பிளாண்ட் அவர் கையில். ஈரம் குறைந்தால் நூல் அறும். நூல் அறுந்தால் மானேஜர் அறுப்பார். அத்தனை கதிருக்கும் பக்குவமாகக் காற்று கொடுத்தவரால், அதே மில்லின் ஸ்பின்னிங்கில் பஞ்சைச் சுவாசித்து இருமலோடு வீடு திரும்பிய மனைவி சீனியம்மாளுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகள் செல்லக்கனி மில் வாசலை மிதிக்கவே கூடாது என்று அன்றே முடிவு செய்தார். ஓய்வு பெற்ற கையோடு, 1998-இல், வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வக்கீல் காளிராஜ் செல்லக்கனியிடம் மனுக்களை டைப் செய்யக் கொடுத்தார். அதைப் பற்றித் தெருவில் சங்கரலிங்கத்தைத் தவிர யாரும் அதிகம் பேசவில்லை.

சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் பாதி மனுவில் அசையாமல் நின்றுவிடும். மெக்கானிக் அபுபக்கர் வந்து பெட்டியில் இரண்டு சின்ன ஃபேன் மாட்டினார்.

"முன்னால உள்ளது காத்தை உள்ள இழுக்கும், பின்னால உள்ளது சூட்டை வெளிய தள்ளும். அம்புட்டுதான் அண்ணாச்சி. வாரம் ஒருக்கா பஞ்சைத் தொடச்சு விடுங்க."

"ஈரத்துக்கு என்ன வழி?"

"எதுக்கு ஈரம்?"

"வறண்ட காத்து எப்படிய்யா சூட்டை எடுக்கும்?"

அபுபக்கர் சிரித்துவிட்டார். "இது என்ன நூலா நூக்குது, அறுந்துபோக?"

அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. மறுநாளே முன் ஃபேனுக்கு எதிரே வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. அரை மணிக்கொரு தடவை தண்ணீர் தெளித்தார்.

"அப்பா, கரண்டு சாமான்ப்பா."

"ஏட்டி, பெட்டியைத் தொட்டுப் பாரு."

தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது. அவள் செய்த தப்பு, அப்பாவை நம்பியது. நாலு நாள் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சங்கரலிங்கம் அபுபக்கரின் படிப்பைப் பற்றித் தெருவில் இரக்கத்தோடு பேசினார்.

ஐந்தாம் நாள் திரை இருண்டு, கருகல் வாடை வந்தது. மறுநாள் கோடை விடுமுறைக்கு முன் கோர்ட்டின் கடைசி நாள். காளிராஜின் பதினோரு மனுக்கள் உள்ளே இருந்தன.

அபுபக்கர் பெட்டியைத் திறந்தார். ஊர்க்காற்றில் பறக்கும் மில் பஞ்சு நனைந்து, போர்டு முழுக்க அப்பிக் கிடந்தது.

"அண்ணாச்சி, உள்ள மெத்தையே தச்சு வச்சிருக்கீய."

போர்டோடு ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று, மனுக்களும் போயின. வக்கீல் வேலையைக் கோர்ட் வாசல் கடைக்கு மாற்றிக்கொண்டார். சங்கரலிங்கம் கேட்டவர்களிடமெல்லாம் வோல்டேஜைக் குறை சொன்னார். செல்லக்கனி யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சொன்னாள்: "மில்லுல ஆள் எடுக்காவளாம். ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்திருக்காம். பஞ்சு அண்டாத ரூம். அங்கயே கேக்கேன்ட்டி."

கேட்கத்தான் போனார். மானேஜர் எழுந்து நின்று வரவேற்றார்.

"உங்க மகளா? தாராளமா. ஆபீஸ்ல டைப்புக்கு ஆள் வேணும். வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருந்துச்சே, என்னாச்சு? பிளாண்டுக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர் தண்ணில போச்சுன்னு யாரோ சொல்லிச் சிரிச்சாவ."



"கம்ப்யூட்டர்லாம் அவளுக்குச் சரிப்படாது சார்," என்றார் சங்கரலிங்கம். "ஸ்பின்னிங்ல போடுங்க."