அண்ணனின் வலது கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நாளில் ஹப்சிகுடா வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். அண்ணனின் நற்குணங்களை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் எழுதுவேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணனின் வலது கண்ணைக் கெடுத்தவர்கள் பிள்ளையார் மண்டப இளைஞர்கள் என்று பதினேழு ஆண்டுகளாக நீங்கள் நம்புகிறீர்கள். அது பொய். கெடுத்தவன் நான்.

அண்ணன் பிறந்தது செகந்திராபாத்தில். ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். தந்தையார் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். பெல்ட்டைக் கழற்றினால் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அண்ணன் முன்னால் போய் நிற்பார். எனக்குரிய அடியில் பாதி அவர் முதுகில் விழுந்தது. அதே அண்ணன், தமிழர்களான எங்களைத் தெலுங்கில் 'அரவோடு' என்று கேலி செய்த பையனின் பல்லைப் பள்ளி மைதானத்தில் உடைத்து, ஒரு மாதம் வகுப்புக்கு வெளியே நின்றார். கை ஓங்குவது எங்கள் வீட்டில் பாத்திரம் பண்டத்தைப் போலப் பங்கு பிரிந்து வந்த சொத்து. எனக்கும் அது குறைவில்லாமல் கிடைத்தது.

பத்தாவது முடித்ததும் அண்ணன் ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டார். ஹப்சிகுடாவில் ஒரு சந்துக்குள் ஷெட் பிடித்தார். ஒரே நிறத்தில் அடித்துத் தருபவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. நான்கு நிறம், ஆறு நிறம் என்றால் அண்ணனிடம்தான் வருவார்கள். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளிலிருந்தும் காரில் வந்து காத்திருப்பார்கள். ஒரு நிறம் நூலிழை விலகினாலும் அந்தப் பனியனை வெளியே அனுப்ப மாட்டார்.

வேலை இப்படி நடக்கும். நீண்ட மேசையில் பசை தடவிப் பனியன்களை வரிசையாக ஒட்டுவோம். நிறத்துக்கு ஒரு ஃப்ரேம். மஞ்சள் முதலில், பிறகு சிவப்பு, பச்சை, கடைசியில் கறுப்பு. மேசையோரத்தில் ஸ்பேனரால் முடுக்கிய இரும்புக் கட்டைகளில் ஃப்ரேமை முட்டவைத்தால்தான் நிறங்கள் தத்தம் இடத்தில் உட்காரும். ஃப்ரேம் பனியனைவிட அகலமானது. ஆகவே ஒன்று விட்டு ஒன்றாக அடித்துக்கொண்டே போய், அவை காய்ந்த பிறகு விட்டவற்றை அடிக்க வேண்டும். அடுத்தடுத்து அடித்தால் ஃப்ரேமின் விளிம்பு பக்கத்துப் பனியனின் ஈர மையில் உட்கார்ந்து இழுத்துவிடும். இது முதல் நாளே சொல்லித் தரும் பாடம். அண்ணனிடமே வேலைக்குச் சேர்ந்த எனக்கு அது எட்டு வருடப் பாடம்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன், அன்று பிள்ளையார் ஊர்வலத்துக்குப் பிள்ளையார் படம் போட்ட நான்கு நிறப் பனியன்கள். காலையிலிருந்து மின்சாரம் இல்லை, மின்விசிறி ஓடவில்லை, மஞ்சள் காயவே மதியமாகிவிட்டது. மண்டபத்து இளைஞர்கள் பைக்குகளில் வந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களைச் சமாதானப்படுத்த வெளியே போயிருந்தார். சிவப்பு என் பொறுப்பு. எரிச்சலில் நான் விட்டு அடிக்கவில்லை. வரிசையாக இழுத்துக்கொண்டே போனேன். உடன் வேலை செய்த ஜஹாங்கீர் பாய், "நக்கோ மியா, நக்கோ" என்று தடுத்தார். "சும்மா இரு பாய்" என்றேன். ஃப்ரேமைத் தூக்கிப் பார்த்தால் மேசை முழுவதும் ஒவ்வொரு பிள்ளையாரின் முகத்திலும் சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

இளைஞர்கள் அண்ணனோடு உள்ளே வந்து பார்த்தார்கள். அவர்களில் ஸ்ரீகாந்த் என்பவருக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். "மா தேவுனி மொகம் மீத ஏந்திதி?" என்று கேட்டுக்கொண்டே அண்ணனைக் கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார். தங்கள் சாமியின் முகத்தில் இது என்ன என்று கேட்டார், அவ்வளவுதான். இன்னொருவர் ட்யூப்லைட்டை அடித்து நொறுக்கினார். பள்ளிக்கூடத்தில் பல்லை உடைத்த அண்ணன் அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பு எங்களுதுதான். காலையில புதுசா அடிச்சுத் தரேன்" என்று தெலுங்கில் சொல்லி அனுப்பிவைத்தார். அவர்கள் போனார்கள். அண்ணனின் கண் அப்போது இரண்டும் நன்றாக இருந்தது. இதைத் தயவுசெய்து மறுபடியும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னாடா பண்ணி வச்சிக்கிற?"

"ரெண்டு அற வாங்கிக்கினு சும்மா நின்ன இல்ல, எங்கிட்ட இன்னா சவுண்டு?" என்றேன்.

மை இழுக்கும் ஸ்குவீஜியின் கட்டையால் என் வாயில் அடித்தார். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. மறுபடி ஓங்கினார். என் கைக்கு ஸ்பேனர் அகப்பட்டது. வீசினேன். தெரியாமல் பட்டது என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் நான் முகத்தைப் பார்த்துத்தான் வீசினேன். அண்ணன் மேசைமேல் சாய்ந்தார். ஈரச் சிவப்பும் இரத்தமும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை. ஜஹாங்கீர் பாய் "கைக்கு மியா, கைக்கு?" என்று உருதுவில் ஏன், ஏன் எனக் கேட்டுக்கொண்டே தம் சட்டையைக் கழற்றி அண்ணனின் முகத்தைப் பொத்தினார்.

மருத்துவமனைக்கு வந்த போலீஸிடம் அண்ணன், "ஃப்ரேம் ஜாரி கண்ட்லோ படிந்தி சார்" என்றார். ஃப்ரேம் நழுவிக் கண்ணில் விழுந்ததாம். போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. உறவினர்களாகிய நீங்கள்தான் நம்பவில்லை. பயந்துகொண்டு அந்தப் பையன்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார் என்றீர்கள். அவர்கள்தானே என்று என்னைக் கேட்டீர்கள். நான் வீங்கிய வாயோடு தலையை ஆட்டினேன். ஆட்டியதன் பலன் மறுநாள் தெரிந்தது. இதைப் படிக்கும் உங்களில் மூவர் தார்நாகா சந்திப்பில் ஸ்ரீகாந்தைப் பைக்கிலிருந்து இழுத்துப் போட்டு, ஹெல்மெட்டால் அடித்து இடது கையை முறித்தீர்கள். முழங்கையை மிதித்தபோது கேட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். உங்கள் மீது தப்பில்லை. உங்களுக்குத் தெரியாது.

விவரம் கேள்விப்பட்ட அண்ணன், கட்டுப் போட்ட முகத்தோடு என்னைக் கூப்பிட்டார். "நான் சொல்ல மாட்டேன். நீ வாயத் தொறந்து சொல்லணும். எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். ஊரின் மறுகோடியிலுள்ள பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன்.

அண்ணன் ஒற்றைக் கண்ணோடு தொழிலை நடத்தினார். நிறங்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ரெஜிஸ்டர் பார்க்கும்போது எப்படியும் ஒரு கண்ணை மூடத்தானே வேண்டும், அந்த வேலை மிச்சம் என்று வாடிக்கையாளர்களிடம் சிரிப்பார். அதன்பின் அவர் யார் மீதும் கை ஓங்கியதில்லை. ஸ்ரீகாந்த் எலக்ட்ரிஷியன் ஆனார். ஷெட்டில் ஒரு ஸ்விட்ச் கெட்டாலும் அண்ணன் அவரைத்தான் அழைப்பார். "கண்ணக் குத்துனவன ஊட்டுக்குள்ள உட்றாரே" என்று அண்ணி எத்தனையோ முறை அழுதிருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "சொன்னியா?" என்று கேட்பார். "சொல்றேண்ணே" என்பேன்.

போன ஆண்டு நுரையீரல் கெட்டு அண்ணன் படுத்தார். பேசுவதற்காக ஆக்சிஜன் முகமூடியை விலக்கினால் நர்ஸ் திட்டுவார். கடைசி நாளுக்கு முந்தின நாள் அதை விலக்கி, "சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேண்ணே" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நிம்மதியாக அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் அண்ணனை நான் இரண்டு முறை அடித்திருக்கிறேன். இரண்டாவது முறை அதுதான்.

இதுவரை எழுதியதை அச்சுக்குத் தருமுன் அண்ணியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். எழுந்து வந்து என்னை அறைந்தார். அண்ணன் மகன் ஓடி வந்து தடுத்தும் மறுபடி அறைந்தார். "பதினாறு வருசம் இந்தக் கையாலதான்டா அந்தக் குழியத் தொடச்சி மருந்து உட்டேன். நீ தீவாளிக்குத் தீவாளி வந்து துன்னுட்டுப் போன" என்றார். பிறகு, "தெவசத்துக்கு ஸ்ரீகாந்தக் கூப்டியா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி."

"போய்க் கூப்டு. வாசல்ல நின்னு புக்க நீதான் குடுக்கணும். மொத புக்கு அவனுக்கு."

"யாராச்சும் அடிச்சா?"

"வாங்கிக்க" என்றார்.

ஸ்ரீகாந்த் வீட்டுக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய இடது கை இன்னும் முழுதாக நீளுவதில்லை. "அன்னக்கு தெலுஸா?" என்றார். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டார். அன்றைக்கே சொல்லச் சொன்னவர் அவர்தான் என்றேன். "வஸ்தா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். வருவதாகச் சொன்னாரே தவிர, என்ன மனத்தோடு வருவார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணனின் கடைசி நாட்களில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், பதினேழு ஆண்டுகள் வாய் திறக்காமல், ஆனால் என்னோடு ஒருமுறையும் கை குலுக்காமல் இருந்த ஜஹாங்கீர் பாய்க்கும், இம்மலரின் அட்டையை நான்கு நிறத்தில் தன் கையாலேயே அடித்துத் தந்த அண்ணன் மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படித்து முடித்தவர்கள் கோபத்தில் சாப்பிடாமல் போய்விட வேண்டாம். அண்ணி விடியற்காலையிலிருந்து சமையலறையில் நிற்கிறார். கோபம் என்னோடு இருக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும் வரை நான் வாசலைவிட்டு நகர மாட்டேன்.