தீவிலிருந்து வந்த பதில்

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ஒரு நீள நோட்டு இருந்தது. இங்கிலீஷ் படிக்க வராதவர்களின் மெயில் பாஸ்வேர்டெல்லாம் அதில் இருக்கும். எதிர்வீட்டில் சாவி கொடுப்பதுபோல எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவனுடையதும் அதில் இருந்தது.

அவன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நாற்பத்தைந்து நாள் வேலை கிடையாது. சும்மா கிடக்கிற கை சும்மா இருக்குமா? எங்கள் கடையில் உட்கார்ந்து ஒரு ஆன்லைன் கேசினோவில் ஆடினான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற பணத்தை வைத்தே, ஒரு ஃபைபர் படகில் பாதிப் பங்கு வாங்குகிற அளவுக்கு ஜெயித்தும் விட்டான். கேசினோக்காரன்தான் பணத்தை அனுப்பவில்லை. அது வந்தால் இங்கேயே இருப்பான். வராவிட்டால் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போய்விடுவான். இதை அவன் சொன்ன நாளிலிருந்து அந்தப் பணத்துக்காக அவனைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

அந்தக் கேசினோவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேசினோ பக்கத்தின் அடியில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை, அதற்குள் ஒரு நம்பர். அமுக்கினால் லைசென்ஸ் கொடுத்தவர்களின் பக்கம் திறக்க வேண்டும். திறக்கவில்லை, வெறும் படம். முத்திரையில் ஏதோ ஒரு தீவின் பெயர் இருந்தது. அங்கே சூதாட்டத்துக்கு லைசென்ஸ் தருகிற ஆபீஸைத் தேடிப் பிடித்தேன். அவர்கள் பட்டியலில் இந்தக் கம்பெனியைக் காணோம். ஆனாலும் அவன் மெயிலிலிருந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் புகார் எழுதினேன். அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் மீன் வாடையும் சோப்பு வாடையும் கலந்து வரும். இன்றைக்கும் அந்த வாடைக்கு ஏங்குகிறேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

தினமும் சாயங்காலம் வருவான். "இன்னா மேடம், தீவுக்காரன் எதுனா போட்டானா?" இல்லை என்பேன். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவான்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அந்த நம்பரை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, அந்தக் கம்பெனி எங்களுக்குக் கீழ் வராது, நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவன் கேட்டபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆறு நாளும் அதே பொய். ஏழாம் நாள், நாளைக்குள் முடிவு சொல்லும்படி வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் நெருக்குவதாகச் சொன்னான். அவன் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசு வரவில்லை. மெயிலைத் திறந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவன் மேலே இருந்த தேதியைப் பார்த்தான்.

"ஒரு வாரமா வச்சிகினு கீறியா?"

ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

"நோட்டுல என் பேரை அடிச்சிடாத மேடம். எதுனா வந்தா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனபோது அவன் ஊரில் இல்லை. கடையை மூடுகிற வருஷம்வரை அவன் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் அந்தக் கேசினோவிலிருந்து மட்டும் தவறாமல் வரும். உங்களைக் காணோமே, உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

ஊரை ஏமாற்றுகிற பாவிகள், கூச்சமே இல்லாமல் எழுதிவிட்டார்கள். பக்கத்து ஸ்டூலில் அவனை வைத்துக்கொண்டு நான் அதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.