அக்கா கட்டிய கணுக்கால்

டேப் என்றால் டேப்தானே என்று கேட்பவர்களைச் சாமான் அறை அக்கா ஏற இறங்கப் பார்ப்பாள். ஹாக்கி மட்டையின் பிடிக்கு மெத்தென்ற டேப்; இல்லாவிட்டால் வியர்வையில் கை வழுக்கும். மட்டையின் அடிப்பக்கம் தேயாமலிருக்கத் துணி டேப். முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு நழுவாமலிருக்கக் கண்ணாடி மாதிரி ஒரு டேப். கணுக்காலுக்கோ, இழுத்தால் கொஞ்சமும் நீளாத வெள்ளை டேப். மாற்றிச் சுற்றுவது இருமல் மருந்தைத் தலையில் தேய்க்கிற கதை என்பாள். பதினெட்டு வருஷமாகப் பெண்கள் அணியின் கால்களெல்லாம் அவள் மடியில்தான்.

கணுக்கால் கட்டுக்குக் கண் மட்டும் போதாது. இறுக்கம் எவ்வளவு என்று விரல்நுனிதான் சொல்லும். தளர்ந்தால் கால் பிரளும், இறுகினால் ரத்தம் நிற்கும். அந்த விரல்நுனிகள்தான் சர்க்கரை நோயில் மரத்துப்போயின. கொதிக்கும் டம்ளரைப் பிடித்துக் கொப்புளம் கிளம்பியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் கணவனுக்கும் சேர்த்து அவள் வேலைதான் சோறு.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டத்தன்று, ஏற்கெனவே சுளுக்கியிருந்த காலை நீட்டினாள் நடுக்களத்தில் ஆடும் பெண்.

"நல்லா கட்டுங்கக்கா. இன்னிக்கு விட்டா எனக்கு அவ்ளோதான்."

"சும்மா இரு. கல்லு மாதிரி நிக்கும்."

சுற்றி முடித்து அழுத்திப் பார்த்தாள். விரல் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பழக்கத்தை நம்பி அனுப்பிவிட்டாள் பாவி.

இரண்டாம் பாதியில் கட்டு தொளதொளத்துக் கால் மடங்கியது. தசைநார் அறுந்துவிட்டது, இனி ஆட்டம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா நேரே பயிற்சியாளரிடம் போய்ப் போட்டு உடைத்தாள். "என் கட்டுதான் சார் தளர்ந்துச்சு. விரல்ல உணர்ச்சியே இல்ல."

"ஆனைக்கும் அடி சறுக்கும், உங்க கைக்குச் சறுக்காதுக்கா. அவதான் காலைத் தப்பா வெச்சா. சனிக்கிழமை ஆட்டம் இருக்கு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவருக்கு வேறு ஆள் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடமாவது திட்டு வாங்கினால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டாள்.

"உங்க கட்டு இல்லேன்னா எலும்பே நொறுங்கியிருக்கும்னு கோச் சார் சொன்னாரு. ரொம்ப தேங்க்ஸ்க்கா."

பக்கத்திலிருந்த அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்கார்ந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்தாள். அதன்பிறகு அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதலில் காலை நீட்டியவள், அந்த இடத்தில் ஆடவந்த புதுப்பெண். அக்கா வெள்ளை டேப்பைச் சுற்றினாள். அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்காம்மா?"

புதுப்பெண் சிரித்துவிட்டாள். "என்னைப் போய்க் கேக்குறீங்களே, உங்களுக்குத் தெரியாததாக்கா?"