பத்து மணிக்கே சொன்ன அக்கா

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஹோட்டலுக்கு நான் மேனேஜராகி மூன்றாவது வாரம் அது நடந்தது. அதற்கு முன் பதினொரு வருடம், விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவள் நான். அங்கே மீட்டிங்கில் நான் சொன்னது யார் காதிலும் ஏறாது. அதையே பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கு ஒரு நாற்காலி கிடைக்கட்டும், காட்டுகிறேன் என்று ரயிலில் நின்றபடியே கறுவிக்கொள்வேன். இங்கே அது கிடைத்தது. "பொம்பள மேனேஜரு, மூணு மாசம் பாப்போம்" என்று முதலாளி என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அன்று ஹாலில் ஒரு நிச்சயதார்த்தம், இருநூறு பேருக்குச் சாப்பாடு. காலை பத்து மணிக்குப் பாத்திரம் கழுவும் அக்கா ஈரக்கையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனுஷி.

"மேடம், பின்னாடி டமார்னு சத்தம் வந்துச்சி. செவுரு ஆடுது. வந்து பாருங்களேன்."

அந்த அதிர்வு எனக்கும் தெரிந்தது. எங்கள் ஊரில் தரை குலுங்கினால் யாரும் எழுந்து ஓடமாட்டார்கள். தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாகியும் அடியில் பாறை வெடித்து அவ்வப்போது ஊர் ஆடும். ஏர் பிளாஸ்ட் என்போம். நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த நான் தொட்டிலிலேயே அதற்குப் பழகியவள்.

"ஏர் பிளாஸ்ட்தான் அக்கா. போய் வேலய பாருங்க" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

"அது கீழேர்ந்து வரும் மேடம். இது மேலேர்ந்து வந்துச்சி."

"போங்கக்கா, இன்னிக்கி நேரமில்ல."

போய்விட்டார்.

மதியம் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது மறுபடி டமார். தண்ணீர் டம்ளர்கள் ஆடின. "ஏர் பிளாஸ்ட்பா, நீ சாம்பார ஊத்து" என்று ஒரு பெரியவர் சொல்ல, பந்தியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் மேலிருந்துதான் வந்தது. பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேர் மேலே, மொட்டை மாடியில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பின்பக்கம் ஓடினேன்.

அக்கா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே விரிசலிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் துகள்.

"இன்னும் இங்கயே இருக்கீங்களே!" என்று கத்தினேன்.

"நீங்கதான மேடம் வேலய பாக்க சொன்னீங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சமையலறையையும் ஹாலையும் காலி செய்யச் சொன்னேன். "இன்னாம்மா, ஏர் பிளாஸ்ட்டுக்குப் பந்திய நிறுத்துவாங்களா?" என்று தலைமைச் சமையல்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார். பெண்ணின் அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். இருநூறு பேரும் தெருவில் நின்றார்கள், பாதிப் பேர் எச்சில் கையோடு. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளிக்கு யாரோ போன் செய்வது காதில் விழுந்தது. ஏதாவது இடிந்து விழட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

விழுந்தது. தொட்டி கூரையோடு இறங்கி, அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில், அண்டாவின் மேல் விழுந்தது. அண்டா தட்டையாகிவிட்டது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் முதலாளி என்னைப் பாராட்டினார். "சரியான நேரத்துல சரியான முடிவு" என்றார். நான்கு ஆண்கள் கை தட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி எனக்கு நிரந்தரம். திறந்தால் போனாலும் போகும். அன்று கட்டடத்துக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

"காலைல பத்து மணிக்கே பாத்திரம் கழுவுற அக்கா வந்து சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல" என்றேன். யாரும் கை தட்டவில்லை. முதலாளி பேனாவை மூடி வைத்தார். "மூணு மாசம் முடியட்டும்" என்றார்.

வெளியே வந்து அக்காவைத் தேடிப் போனேன். அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வரச் சொன்னேன்.

"அங்க வந்து நான் இன்னா மேடம் பேசறது?"

"அன்னிக்கி எங்கிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரி. கண்ணுல பட்டத சொல்லுங்க."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார்.

"சொன்னா, போய் வேலய பாருன்னு சொல்ல மாட்டீங்களே?"