கொடி கட்டிய தெருவும் பின் கேட்டும்

மைதாப் பசையின் புளித்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் தேசியக் கொடிதான் நினைவுக்கு வருகிறது, கூடவே ஒரு சந்தேகமும் வருகிறது. ஓசூருக்குப் பக்கத்தில், பைபாஸ் வந்தபின் பஸ்கள் உள்ளே நுழையாமல் பாலத்தின் மேலேயே போய்விட்ட ஊர் எங்களுடையது. டீக்கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த அந்த வருஷம், அப்பா லேத் ஓட்டிய கம்பெனியையும் "ஆர்டர் இல்லை" என்று பூட்டிவிட்டார்கள்.

மெஷின்கள் உள்ளே இருக்கும்வரை கம்பெனி எப்படியும் திறந்துவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. முதலாளி அவற்றைக் கர்நாடகப் பக்கம் கொண்டுபோய்விடுவாரோ என்ற பயத்தில், தொழிலாளர்கள் முன் கேட்டிலும் பின் கேட்டிலும் தார்ப்பாய் கட்டிக் காவல் உட்கார்ந்தார்கள். வேலை போனபிறகும் அந்தக் காவலுக்கு "ஏ ஷிப்ட்", "பி ஷிப்ட்" என்றுதான் பெயர்.

ஆகஸ்ட் பிறந்த பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், பழைய பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி வரை தெருவின் இருபுறமும் கொடி. மூடிய கடைகளுக்கு முன்னால், விளக்கு எரியாத கம்பங்களில், மைதாப் பசையால் சணலில் ஒட்டிய காகிதக் கொடிகள் படபடத்தன. எங்கள் தெரு அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை. முதலாளி சொல்லிக் கட்டியது, சுதந்திர தினத்தன்று எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும், நல்ல சேதி இருக்கிறது என்று மேனேஜர் வீடு வீடாக வந்து அழைத்தார். தெருவே பூரித்துப்போயிற்று.

அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கம்பெனி ஓடுறப்ப ஒத்தக் கொடி ஏத்துன ஆளு, மூடிட்டு ஊரெல்லாம் கொடி கட்றாரா? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம்!" சந்தேகம் முற்றினால் அம்மா தெலுங்குக்கு மாறிவிடுவாள், அதன்பிறகு அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தெலுங்குதான்.

அப்பா கேட்கவில்லை. "கொடி ஏத்துற நேரத்துல தார்ப்பாய்க்கடியில குந்திக்கினு இருந்தா அது மரியாதையா?" என்று பின் கேட்டில் இருந்தவர்களையும் முன்பக்கம் கூட்டிக்கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்.

முதலாளி நாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். கொடி ஏறியது, ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. பாதிப் பாட்டில் கம்பெனிக்குப் பின்னால் லாரிகள் உறுமும் சத்தம் எல்லோருக்குமே கேட்டது. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கண் பின்பக்கம் ஓடியது, கால் மட்டும் அசையவில்லை. அங்கே ஒருவர் காலும் அசையவில்லை.

பாட்டு முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது பின் கேட் திறந்து கிடந்தது. உள்ளேயே நின்ற கம்பெனி லாரிகளில், கதவைச் சாத்திக்கொண்டு, முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கிறார்கள். மெஷின்கள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். எல்லையில் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் வேறு மாநிலம், யாரைப் பிடிப்பது? அப்பா அந்தக் கறையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாட்டு முடியிற வரைக்கும் நாம நிப்போம்னு அவனுக்குத் தெரியும்" என்றாள் அம்மா, அன்று தமிழிலேயே.

எனக்குக் கொடியின்மேல் கோபமில்லை. எங்கள் மரியாதையைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதையே கயிறாகத் திரித்து எங்களைக் கட்டிப்போட்டவன்மேல்தான் இன்னும் ஆறவில்லை.

இந்த ஆகஸ்டிலும் ஊருக்குப் போயிருந்தேன். ஷிப்டு சங்கு இல்லை, டீக்கடைகள் இல்லை. கம்பெனி இருந்த இடம் மனைக்கல் நட்ட பொட்டல். தெரு நெடுகக் கொடிகள் மட்டும் இருந்தன, பசை வாடை இல்லாத பாலியஸ்டர் கொடிகள். யார் கட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அப்பா எங்கள் வாசலிலும் ஒன்றைக் கட்டிவிட்டு, நேராக நிற்கிறதா என்று எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் பக்கத்தில் வந்து, "நீ கொஞ்சம் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

அங்கே எடுத்துக்கொண்டு போக இனி என்ன இருக்கிறது? இருந்தாலும், போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.